காவலூர் வரைக்கும் இரண்டு மூட்டை

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. வேலை நடக்கும்போது யாராவது பக்கத்தில் நின்று யோசனை சொன்னால் பொறுக்காது. சொல்வது சரியாக இருந்துவிட்டால் இன்னும் பொறுக்காது. ஜமுனாமரத்தூரில் இருபத்திரண்டு வருஷமாகப் பட்டை வேலை செய்கிறேன். வண்டிக்கு அடியில் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, வில் மாதிரி வளைத்துக் கட்டியிருக்கும் ஸ்பிரிங் பட்டைதான் என் பிழைப்பு. இந்த மலையில் ஓடும் பிக்கப், ஜீப் எல்லாம் என் கை பட்டுத்தான் நிமிர்ந்து நிற்கின்றன. அந்தத் திமிர் எனக்கு இருந்தது. இல்லை என்று சொன்னால் ஊரே சிரிக்கும்.

சனிக்கிழமை மத்தியானம் ஒரு சிவப்பு வண்டி பட்டறை வாசலில் வந்து நின்றது. இரண்டே சீட்டு, கூரை கிடையாது, உயரம் என் இடுப்புக்கும் கீழே. அறுபதுகளில் இங்கிலாந்தில் செய்த ஸ்போர்ட்ஸ் கார் என்றார் ஓட்டி வந்த அம்மா. பெயர் அருணா, திருப்பத்தூர் கோர்ட்டில் வக்கீல், முப்பத்தைந்து வயதிருக்கும். மலையைச் சுற்றிப் பார்க்க வந்தவருக்கு வழியெல்லாம் ஒரே கரகர சத்தம். பின்பக்கம் தொய்ந்து, ஒவ்வொரு பள்ளத்துக்கும் டயர் மட்கார்டில் உரசிக்கொண்டிருந்தது.

அடியில் படுத்துப் பார்த்தேன். மற்ற வண்டிகளில் பட்டைக்கட்டு சக்கரத்துக்கு ஒன்றாக நீளவாக்கில் இருக்கும். இதில் ஒரே கட்டு, குறுக்காக, இந்தச் சக்கரத்திலிருந்து அந்தச் சக்கரம் வரை போகிறது. பட்டை தொய்ந்தால் வண்டி தாழும். கூடவே சக்கரமும் சாய்ந்து, பின்னாலிருந்து பார்த்தால் காலை அகட்டிக்கொண்டு நிற்பது தெரியும். பட்டையை அளவுக்கு மேல் தூக்கிவிட்டால் தலைகீழாக நடக்கும், சக்கரத்தின் அடிப்பக்கம் உள்ளே ஒடுங்கும். அகட்டி நின்றால் டயர் தேயும், அவ்வளவுதான். ஒடுங்கி நின்றால் ஆள் சாவான்.

இதை எனக்கு யாரும் சொல்லித்தரத் தேவையில்லை. திருப்பத்தூரில் வேலை கற்றுக்கொண்டிருந்த காலத்தில், இதே மாதிரி குறுக்குப் பட்டை வைத்த ஒரு காரைக் கவிழ்ந்த கோலத்தில் இழுத்து வந்தார்கள். எவனோ ஒருவன் பின்பக்கத்தை ஏற்றிக் கட்டியிருந்தான். வளைவில் திரும்பும்போது ஓட்டியவர் பயந்துபோய் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்திருக்கிறார். வெளிப்பக்கச் சக்கரம் உள்ளே மடங்கி, பின்பக்கம் எகிறி, வண்டி உருண்டுவிட்டது. அந்த வண்டிக்காவது மேலே கூரை இருந்தது.

இவ்வளவும் தெரிந்த நான்தான் அந்தத் தப்பைச் செய்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பட்டைக்கட்டைக் கழற்றி, ஒவ்வொரு பட்டையாக இரும்புக் கட்டைமேல் வைத்து அடித்து வளைவு ஏற்றினேன். அதோடு விடவில்லை. மலை வண்டிக்குச் செய்கிற மாதிரி, பழைய பிக்கப் பட்டை ஒன்றை அளவுக்கு வெட்டி நடுவில் சொருகினேன். பிறகு எங்கள் வழக்கப்படி ஆள் ஏற்றிப் பார்த்தேன். எங்கள் மலையில் எந்த வண்டியும் காலியாக ஓடாது. ஐந்து பேர் போகிற ஜீப்பில் பதினைந்து பேர் போவார்கள். கீழே இறங்குகிற வண்டியில் புளி மூட்டை, சாமை மூட்டை ஏதாவது ஏறிவிடும். அதனால் பட்டை கட்டி முடித்ததும் எதிரே டீக்கடையில் இருப்பவர்களைக் கூப்பிட்டு வண்டிமேல் ஏற்றி, பாரத்தோடு நிற்கும்போது உயரம் சரியா என்று பார்ப்பேன். பாரத்தோடு பார்ப்பதுதான் என் அளவு. இந்தச் சின்ன வண்டிக்கும் டிக்கியில் இரண்டு மூட்டை வைத்து, சீட்டுக்குப் பின்னால் கோணி விரித்து இரண்டு ஆளை உட்கார வைத்துப் பார்த்தேன்.

அருணா அம்மா பக்கத்தில் நின்றிருந்தார்.

"அண்ணா, இது ரெண்டு பேர் போற வண்டி. ரெண்டு பேர் உக்காந்த வெயிட்லதான் சக்கரம் நேரா நிக்கணும். புக்குல அப்படித்தான் போட்டிருக்கு" என்றார்.

"அந்த புக்கு எழுதனவன் நம்ம ஜமுனாமரத்தூர் ரோட்டைப் பாத்திருக்கானா மேடம்?" என்றேன். டீக்கடை பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது. "கோர்ட்ல நீங்க பேசுங்க, நான் கேட்டுக்கறேன். பட்டை விஷயம் நான் பாத்துக்கறேன்."

அவர் கோபித்துக்கொள்ளவில்லை. சரிண்ணா என்று சொல்லிவிட்டு, தங்கியிருந்த விடுதிக்குப் போய்விட்டார்.

திங்கட்கிழமை காலை ஏழு மணிக்குப் பட்டறையைத் திறந்தேன். வண்டி காலியாக நின்றிருந்தது. பின்பக்கம் கோழி வாலைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாதிரி நின்றது. குனிந்து பார்த்தேன். இரண்டு சக்கரமும் அடியில் ஒடுங்கியிருந்தன. சக்கரத்தின் மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் இரண்டு விரற்கடை வித்தியாசம். டிரைவர் சீட்டில் நானே ஏறி உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். கொஞ்சம் இறங்கியது, ஆனால் போதவில்லை. மறுபடி கழற்றி, அந்தப் பிக்கப் பட்டையை உருவ வேண்டும். அரை நாள் வேலை.

ஏழரைக்கு அருணா அம்மா வந்துவிட்டார். பத்தரைக்குக் கோர்ட்டில் இருக்க வேண்டுமாம். பின்னால் போய் நின்று பார்த்தார்.

"கொஞ்சம் தூக்கனாப்ல இருக்கே அண்ணா?"

அந்த ஒரு நொடியில் நான் சொல்லியிருக்கலாம். ஆமாம் மேடம், நீங்க சொன்னதுதான் சரி, ஒரு மணி வரைக்கும் டைம் குடுங்க என்று. பெஞ்சில் நேற்றுச் சிரித்த அதே ஆட்கள் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்.

"புதுசா அடிச்ச பட்டை மேடம். ஓட ஓட எறங்கிடும்" என்றேன்.

அப்போது டீக்கடை பஞ்சாட்சரம் ரோட்டைக் கடந்து வந்தான். அவனுக்கு எந்த வண்டியும் காலியாகக் கீழே போகக்கூடாது. "மேடம், அந்தப் பக்கம்தான போறீங்க. ரெண்டு மூட்டை சாமை இருக்குது, எங்க மச்சான் கடையில எறக்கிட்டுப் போய்டுங்களேன்" என்று கேட்டான். அந்த அம்மாவும் முகம் கோணாமல் டிக்கியைத் திறந்து விட்டார். மூட்டை ஏறியதும் வண்டி உட்கார்ந்தது. குனிந்து பார்த்தேன், சக்கரம் நூல் பிடித்த மாதிரி நேராக இருந்தது. எனக்கு உயிர் வந்தது. மூட்டை மலையடிவாரத்து ஆலங்காயம் வரைக்கும் போகும், இறக்கம் முழுக்கப் பாரத்தோடு இறங்கிவிடுவார், கீழே சமவெளியில் என்ன வளைவு இருக்கிறது என்று நானே ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். வண்டி கிளம்பியது.

பஞ்சாட்சரம் எனக்கு ஒரு டீ கொண்டுவந்து நீட்டினான்.

"ஆலங்காயத்துல யாருடா உனக்கு மச்சான்?" என்று கேட்டேன்.

"ஆலங்காயமா? காவலூரு. கோவிந்தன் கடை தெரியாதா உனக்கு?"

காவலூர் மலைக்கு மேலேயே இருக்கிறது. அதைத் தாண்டித்தான் இறக்கமே ஆரம்பம். வளைவுகள் எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

சுவரில் மணி ஏழு ஐம்பது. போனை எடுத்து அருணா அம்மாவின் பெயர் வரைக்கும் போனேன். என்னவென்று சொல்வது? நான் தப்பாகக் கட்டிவிட்டேன், தெரிந்தே அனுப்பினேன் என்றா? போனைப் பையில் வைத்துவிட்டேன். படித்தவர், நிதானமாகத்தான் போவார். ஒல்லியான அம்மா என்றாலும் ஒரு ஆள் பாரம் இருக்கிறதே. தினமும் ஆயிரம் வண்டி இறங்குகிறது, எல்லாமா கவிழ்கிறது? இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டு டீயைக் குடித்தேன். கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். அந்தக் கால் மணி நேரத்தைப் பற்றித்தான் இத்தனையும் சொல்கிறேன்.

எட்டு ஐந்துக்கு என் மனைவி ஜெயம்மாள் போன் செய்தாள்.

"பூவிழி கெளம்பிட்டா. முகூர்த்தம் பாத்தாப்ல பஸ்ஸ வுட்டுட்டு நின்னா. நல்லவேளை, அந்த வக்கீலம்மா பாத்து நிறுத்தி ஏத்திக்கிச்சாம். செவப்பு காருல போறேன்னு ஒரே சிரிப்பு அவளுக்கு."

பூவிழி எங்கள் ஒரே மகள். எங்கள் வீடு அதே காவலூர் ரோட்டில்தான். திருப்பத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை கிடைத்து, அன்றைக்குத்தான் முதல் நாள். போனை வைத்துவிட்டு அருணா அம்மாவைக் கூப்பிட்டேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்றது. பூவிழியைக் கூப்பிட்டேன், அதே குரல்தான். அந்த ரோட்டில் பாதி தூரம் டவர் கிடைக்காது என்று எனக்கே தெரியும், இருந்தாலும் பைக்கை மிதித்துக்கொண்டே மூன்று தடவை அடித்தேன்.

அந்த ரோட்டில் நான் அப்படி என்றைக்கும் ஓட்டியதில்லை. பள்ளத்தைப் பார்த்து ஒதுங்கவில்லை. வாய் மட்டும் எதையோ முனகிக்கொண்டிருந்தது. வண்டி மெதுவாகத்தான் போகும், ரோடு மோசம், மூட்டை இறக்க நேரமாகும், கோவிந்தன் வாயாடி, பிடித்து வைத்துப் பேசுவான், டீ கொடுப்பான் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு போனேன். எதிரே ஒரு பால் வண்டிக்காரன் திட்டிவிட்டுப் போனான். அவன் திட்டியது நியாயம்தான்.

காவலூரில் கோவிந்தன் கடை வாசலில் இரண்டு சாமை மூட்டையும் சுவரில் சாய்ந்திருந்தன.

"செவப்பு வண்டி?"

"இப்பத்தான் போச்சு. அஞ்சு நிமிஷம் ஆவல. டீ குடிங்கன்னேன், கோர்ட்டுக்கு நேரமாச்சுன்னு... இன்னா தமிழ்மணி, மொகம் ஏன் இப்படி கீது?"

பதில் சொல்ல நான் அங்கே இல்லை.

இறக்கத்தின் முதல் வளைவில் தார்மேல் புதிதாக ஒரு கறுப்புக் கோடு. டயர் பக்கவாட்டில் இழுத்த கோடு. ஒரு தடவை வழுக்கியிருக்கிறது. பைக்கை நிறுத்தாமல் ரோட்டோரத் தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் எட்டிப் பார்த்தேன். மரம்தான் தெரிந்தது. இரண்டாவது வளைவு தாண்டியதும், எனக்குக் கீழே, அடுத்த திருப்பத்துக்கு இறங்குகிற ரோட்டில் சிவப்பு தெரிந்தது. பூவிழியின் தலைமுடி காற்றில் பறந்தது. அவள் ஒரு கையால் அதை அள்ளிப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

ஹாரனில் கட்டைவிரலை வைத்துவிட்டேன். அழுத்தவில்லை.

அழுத்தியிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த அம்மா கண்ணாடியில் பார்ப்பார். யாரோ அவசரமாக வருகிறார்கள் என்று ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுப்பார், இல்லையென்றால் பிரேக்கை மிதிப்பார். வளைவுக்குள் எது செய்யக்கூடாதோ அதைச் செய்ய வைப்பேன். கத்தினாலும் அதேதான். என் மகள் கூப்பிடு தூரத்தில் போகிறாள், நான் வாயைத் திறக்கக்கூடாது. அந்த மாதிரி ஒரு பயத்தை என் எதிரிக்கும் நான் விரும்பமாட்டேன்.

சத்தமில்லாமல் பின்னாலேயே போனேன். மூன்றாவது வளைவில் வண்டி திரும்பும்போது வெளிப்பக்கச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பின்பக்கம் மெல்ல எழும்பியது. சக்கரத்தின் அடி உள்ளே போனது. இன்னும் ஒரு விரற்கடை போனால் மடங்கும். போகவில்லை. வண்டி நிமிர்ந்தது. நான் மூச்சு விட்டேன். நான்காவது வளைவில் கீழேயிருந்து ஒரு பஸ் ஏறி வந்தது. அருணா அம்மா ஓரம் ஒதுங்கினார். ஒதுங்கும்போது பின்பக்கம் ஒரு சின்னத் துள்ளல் துள்ளி, டயர் கீச்சென்றது. பூவிழி கதவைப் பிடித்துக்கொண்டாள். பஸ் தாண்டிப் போனது. வண்டி இன்னும் ரோட்டில்தான் இருந்தது. என் கண்ணில் தண்ணீர் வந்து ரோடு மங்கியது, தோளில் துடைத்துக்கொண்டேன்.

அதற்கு அப்புறம் நூறு, நூற்றைம்பது அடிக்கு நேர் ரோடு. அங்கேதான் முறுக்கினேன். பக்கத்தில் போய், சிரித்த முகமாக வைத்துக்கொண்டு, இடது கையைத் தாழ்த்தி மெதுவாக, மெதுவாக என்று காட்டினேன். பூவிழி என்னைப் பார்த்துவிட்டாள். வழியனுப்ப வந்திருக்கிறேன் என்று நினைத்து டாட்டா காட்டினாள். அருணா அம்மா புரிந்துகொண்டு வண்டியை ஓரமாக நிறுத்தினார்.

பைக்கை ஸ்டாண்டு போடவில்லை. சுவர்மேல் சாய்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"எறங்குங்க ரெண்டு பேரும். இந்த வண்டி இப்படிப் போவக்கூடாது" என்றேன். மூச்சு வாங்க வாங்க எல்லாவற்றையும் சொன்னேன். பட்டை அதிகம், சக்கரம் ஒடுங்குகிறது, வளைவில் கவிழும். நீங்கள் ஞாயிற்றுக்கிழமை சொன்னதுதான் சரி மேடம் என்பதையும் சொன்னேன். ஊர் கேட்கச் சொல்ல முடியாதது அங்கே எளிதாக வந்துவிட்டது.

அருணா அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது. முதல் வளைவில் வண்டி வாலை வீசியதை, ரோட்டு மண்ணில் சறுக்கியது என்று நினைத்தாராம். சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். பிறகு என் முன்னால் வந்து நின்று இரண்டு கையையும் கூப்பினார்.

"தப்பு யாருக்கும் வரும்ணா. அது தெரிஞ்சதும் எனக்காக இவ்ளோ தூரம் உயிரைக் கையில புடிச்சிட்டு ஓடி வந்தீங்களே. வேற யாரு வருவா? உங்களை நான் மறக்கமாட்டேன்."

நான் தலையைக் குனிந்துகொண்டேன். அதோடு விட்டிருந்தால் நான் நல்லவனாகவே வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் அவர் தொழில் அப்படி. கேட்கவேண்டும் என்று கேட்கவில்லை, பழக்கத்தில் கேட்டுவிட்டார்.

"எப்பண்ணா தெரிஞ்சுது உங்களுக்கு?"

"மூட்டை காவலூர்லயே எறங்கிடும்னு பஞ்சாட்சரம் சொன்னப்ப."

"அது எப்போ?"

"நீங்க கெளம்பன ஒடனே."

அவர் பூவிழியைப் பார்த்தார். "உங்க வீட்டுக்கு நீ எப்பம்மா போன் பண்ணே?"

"வண்டியில ஏறும்போது, அக்கா. எட்டு மணி இருக்கும்" என்றாள் பூவிழி. சொல்லிவிட்டு அவளும் என்னைப் பார்த்தாள். படிக்கிற காலத்திலேயே கணக்கில் அவள் கெட்டி.

பொய் சொல்ல இடம் இருந்தது. பைக் ஸ்டார்ட் ஆகவில்லை என்று சொல்லியிருக்கலாம், டவர் இல்லை என்று சொல்லியிருக்கலாம். அந்த அம்மா நம்பியிருப்பார். பூவிழி கண்ணை எடுக்காமல் நின்றிருந்தாள்.

"கால் மணி நேரம் சும்மாதான் உக்காந்திருந்தேன் மேடம்" என்றேன். "காலையில வண்டி காலியா நிக்கிறப்பவே சக்கரத்தைப் பாத்துட்டேன். தெரிஞ்சேதான் அனுப்பனேன். இவ ஏறலன்னா நான் வந்திருக்கமாட்டேன்."

கூப்பிய கை எப்போதோ இறங்கியிருந்தது. அவர் திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் பரவாயில்லாமல் இருந்திருக்கும்.

"இப்ப இன்னா பண்ணணும்?" என்று பூவிழிதான் கேட்டாள். அப்பா என்ற சொல் அதில் இல்லை.

"பாரம் ஏத்தணும். கல்லு வெச்சிக்கலாம். மெதுவா பட்டறைக்குத் திருப்பிடலாம் மேடம், மத்தியானத்துக்குள்ள அந்தப் பட்டைய உருவிக் குடுத்துடறேன்."

"வேணாம். திருப்பத்தூர்ல வேற ஆள்கிட்ட காட்டிக்கறேன்" என்றார் அருணா அம்மா. சத்தம் உயரவில்லை. "கல்லு மட்டும் வைங்க."

"நீ என் பைக்ல வா பூவிழி, நான் கொண்டுபோய் வுடறேன்."

"நான் அக்காகூடவே போறேன்."

ரோட்டோரத்தில் சரிந்து கிடந்த கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி டிக்கியில் அடுக்கினேன். வக்கீலம்மாவும் ஒரு பக்கம் தூக்கினார். நான் வாங்கப் போனேன், கொடுக்கவில்லை. ஏழெட்டுக் கல் ஏறியதும் வண்டி உட்கார்ந்தது. பின்னால் போய்க் குனிந்து பார்த்தேன். இருபத்திரண்டு வருஷக் கண், இந்த விஷயத்தில் எனக்கு அளவுகோல் தேவையில்லை.

"நேரா இருக்குது மேடம். இது போதும்."

அருணா அம்மா என் பக்கம் திரும்பவில்லை.

"பூவிழி, நீ பாரும்மா. நேரா இருக்கா?"

முதல் நாள் வேலைக்கென்று எடுத்த புது சுடிதாரோடு என் மகள் தார் ரோட்டில் மண்டியிட்டாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு இந்தச் சக்கரத்தைப் பார்த்தாள், நகர்ந்து போய் அந்தச் சக்கரத்தைப் பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். அவளுக்குப் பட்டையைப் பற்றி ஒன்றும் தெரியாது.

"இன்னும் ஒரு கல்லு வெச்சிக்கலாம் அக்கா" என்றாள்.

நான் இன்னொரு கல்லைத் தூக்கப் போனேன்.